ஜப்பான் ரம்பத்தில் பல் உடைவது பற்றி

புளியங்கட்டையை அறுக்கும்போது ரியோபா என்கிற, இரண்டு ஓரத்திலும் பல் உள்ள ஜப்பான் ரம்பத்தின் பல் உடைந்து தகடும் மடங்கிவிட்டது, போலிச் சரக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். போலியாக இருக்க வேண்டியதில்லை. அது இழுக்கும்போது மட்டும் அறுக்கிற ரம்பம். இழுக்கையில் தகடு தானாக விறைத்துக்கொள்வதால்தான் அதை அவ்வளவு மெல்லியதாகச் செய்ய முடிகிறது, நம் கைவாள் பழக்கத்தில் முன்னால் தள்ளும்போது அழுத்தினால் மடங்கத்தான் செய்யும். அப்புறம், ஜப்பானியத் தச்சர்கள் பெரும்பாலும் அறுத்தது ஹினோக்கி, சுகி மாதிரி மென்மையான ஊசியிலை மரங்களை. அந்த நீளமான கூர்ப்பற்கள் அதற்கானவை, புளியிடம் பாவம் என்ன செய்யும்!

பெரிய பல் உள்ள பக்கம் நார் வாக்கில் அறுக்க, சிறிய பல் பக்கம் குறுக்கே அறுக்க. மாற்றிப் பிடித்தீர்களா என்று பாருங்கள். கைப்பிடி ஓரத்துப் பல்லில் தொடங்கி, அழுத்தாமல் நேராக இழுங்கள், தள்ளும்போது கையைத் தளர்த்திவிடுங்கள். பல் நுனி மட்டும் கருநீலமாக இருந்தால் அது சூடேற்றிக் கடினமாக்கியது, அரம் ஏறாது, தகட்டை மாற்றுவதுதான் வழி. புளியை நம்மூர் வாளுக்கே விட்டுவிடுங்கள்.