நகையை எடுத்து உள்ளே வையுங்கள் அம்மா

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, மகளை எந்தக் கல்லூரிப் படிப்பில் சேர்ப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க மகளோடு வந்திருந்தார். பார்த்துக்கொள்ளலாம், பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். சித்தப்பா ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார், நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டப் போகிறோம் என்றார். அதற்கப்புறம் எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. வேண்டாம் அம்மா. வட்டி கட்டப்போவது சித்தப்பா இல்லை, நான்கு வருடம் பிடிக்காத வகுப்பில் உட்காரப்போவதும் அவர் இல்லை.

மழைக்காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறாள் உங்கள் பெண். புலி பார்க்க ஒரு படிப்பா என்று வீட்டில் கேட்டார்களாம். படிப்புதான். வால்பாறைப் பக்கம் ஆனைமலைக் காட்டுக்குள் நின்றால் சில அடி தள்ளி என்ன நிற்கிறது என்றே தெரியாது, அங்கே விலங்குகளை எப்படி எண்ணுவது? புலி நடக்கும் தடத்தின் இரண்டு பக்கமும் தானியங்கி கேமரா கட்டுவார்கள், ஏனென்றால் எந்தப் புலி என்று அடையாளம் காண்பது உடம்பு வரியை வைத்துத்தான், ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஏற்கெனவே பதிவான புலி மறுபடி எத்தனை முறை சிக்குகிறது என்பதை வைத்து, சிக்காமலே போனவை எத்தனை இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். சிங்கவால் குரங்குக்கு இந்த வழி சரிப்படாது, அது பெரும்பாலும் மரக்கிளைகளிலேயே வாழ்வது, அதனால் காலையிலிருந்து கூட்டத்தின் பின்னாலேயே நடந்து எத்தனை ஆண், எத்தனை குட்டி என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். அட்டை கடிக்கும். புள்ளியியல் நிறைய வரும், உங்கள் பெண்ணுக்குக் கணக்கு நன்றாகவே வருகிறது.

மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிரியல் இருக்கிறது, இரண்டு இடத்திலும் விசாரியுங்கள். அப்புறம் நுழைவுத் தேர்வு எழுதி டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்திலோ பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலோ (என்.சி.பி.எஸ்.) எம்.எஸ்ஸி. சேரலாம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். படித்து முடித்ததும் முதல் சில வருடம் ஆய்வுத் திட்டங்களில் ஒப்பந்த வேலைதான், சம்பளம் குறைவு. கடன் இல்லாத வீடு அதைத் தாங்கும், நகை அடகில் கிடக்கும் வீடு தாங்காது. நிலையான வேலை வேண்டுமென்றால் விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப் பணிக்கான ஐ.எஃப்.எஸ். தேர்வு எழுதலாம், கடினம்தான், ஆனால் கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே சித்தப்பாவுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.