கத்தாரில் கஃபாலா முறை உண்மையிலேயே ஒழிந்துவிட்டதா?

வெளிநாட்டுத் தொழிலாளியின் விசாவையும் வேலையையும் முதலாளியின் பிடியில் வைக்கும் இந்த முறை, சட்டப் புத்தகத்தில் பெருமளவு ஒழிந்துவிட்டது, நடைமுறையில் ஒழியவில்லை. முதலாளியின் தடையில்லாச் சான்று இன்றியே வேறு வேலைக்கு மாறலாம் என்று 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமும் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் பொறுப்பும், ‘வேலையை விட்டு ஓடிவிட்டார்’ என்று புகார் கொடுக்கும் அதிகாரமும் முதலாளியிடமே இருப்பதால், மூன்று மாதச் சம்பளப் பாக்கியைக் கேட்கத் துணிபவர் அந்த ஒரே புகாரில் சட்டவிரோதமாகத் தங்கியவராக மாறிவிடும் ஆபத்து நீடிக்கிறது. எனவே, வழக்கு முடியும்வரை தொழிலாளியின் அனுமதி தானாகவே நீட்டிக்கப்பட வேண்டும். சம்பளக் கணக்கைச் சரிபார்க்க வரும் ஆய்வாளர் விசாவைத் துருவக் கூடாது. பாதிக்கப்பட்டவரையே விமானம் ஏற்றிவிட்டால், அவரோடு சாட்சியமும் போய்விடும். சம்பளத்தை அமுக்கியவருக்கு அதைவிட வசதி வேறென்ன?