இயற்பியல்தான் வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றால்

அண்ணாச்சி, பாப்பா பொறியியல் வேண்டாம், இயற்பியல்தான் என்கிறாள். கேட்டால் சர் சி.வி. ராமன் பெயரைச் சொல்கிறாள். இவளுக்கு அது ஒத்துவருமா, சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராமனையே எடுத்துக்கொள்வோம். அவர் 1907-ல் சேர்ந்தது கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகம். பத்து வருஷம் ஆபீஸ் வேலைக்கு முன்னும் பின்னும்தான் ஆய்வு. 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்க்கிறார். வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று நோபல் வாங்கிய ராலே சொல்லியிருந்தார். ராமன் வாதம் பண்ணவில்லை. நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! அங்கே பிடித்த நூல்தான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தது வரை போனது. அந்தச் சோதனைகளில் கூட நின்ற கே.எஸ். கிருஷ்ணன், அன்றைய திருநெல்வேலி ஜில்லா வத்திராயிருப்பில் பிறந்தவர். நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாதது எனக்கு ஒரு மனக்குறை.

பெரியவர் சொன்னதையும் சோதித்துப் பார்க்கும் அந்தக் குணம் பாப்பாவிடம் இருக்கிறதா? மார்க் ஷீட்டில் அது தெரியாது. தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்கிறோமே, அது நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேளுங்கள். "எல்லாரும் சொல்லுதாங்கல்லா" என்றால் யோசிக்க வேண்டியதுதான். ஒரே கை, ஒரே கோதுமைப்பால், ஒரே நெய், தண்ணீர் மட்டும் வேறு. தின்று பார்ப்பவருக்கு எது எந்தத் தண்ணீர் என்று தெரியக்கூடாது. பல தடவை கிண்டிப் பார்க்க வேண்டும். இந்த இடத்துக்கு அவளாக வந்தால் தைரியமாகச் சேர்க்கலாம். தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று முடிவு வந்தால் ஒத்துக்கொள்வாயா என்றும் கேளுங்கள். (திருநெல்வேலிக்காரர்கள் நாம் ஒத்துக்கொள்வோமா என்பது வேறு கதை.)

சரி, வேலை. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சிரமம்தான், மறைக்கமாட்டேன். கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து பி.எஸ்சி. படித்தவர்களை எடுப்பதுண்டு, போட்டி பலம். ஆராய்ச்சிக்கு என்றால் எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று போய் நிலையான சம்பளம் வர முப்பதை ஒட்டிவிடும். ஆனால் பிஎச்.டி. காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அப்படிப்பட்ட ஆய்வு தூரத்தில்தான் நடக்கிறது என்றும் நினைக்காதீர்கள். பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போவதால், கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது.

முதல் முயற்சி ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பாக இருக்கட்டும். திருவனந்தபுரம் பக்கம்தானே, திருப்பதியிலும் ஒன்று உண்டு. அதற்கான ஐ.ஏ.டி. நுழைவுத்தேர்வில் உயிரியலிலிருந்தும் கேள்வி வரும். பாப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்றால் இப்போதே உயிரியல் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அது கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலேயே நல்ல கல்லூரிகள் உண்டு. சேர்க்கைக்குப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், லேபுக்குள் போய் இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: ரெக்கார்டு நோட்டில் உள்ள அளவுகளை நீங்களே எடுத்தீர்களா, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினீர்களா?