கார் கம்பெனி கொடுத்த பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணில் அண்ணனின் பழைய சிடி ஒன்று கிடைத்தது. மேலே மார்க்கரில் 'பென்ஸ் மிக்ஸ்டு டேப்' என்று எழுதியிருக்கிறது. போட்டுக் கேட்டால் ஒரு பாட்டுகூட நான் கேள்விப்பட்டது இல்லை, ஆனால் ஏழெட்டுப் பாட்டு மனசைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கார் கம்பெனிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இது திருட்டு சிடியா?
– ஒரு வாசகர், மதுரை

சிடியை எழுதியது உங்கள் அண்ணன், ஆனால் உள்ளே இருக்கும் பாட்டு முறையாக வந்ததுதான், கவலைப்படாதீர்கள். ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 2004-ல் 'மிக்ஸ்டு டேப்' என்று ஒன்றைத் தொடங்கியது. அப்போது சில வாரங்களுக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பாக்கி இணையத்தில் எம்பி3 ஆகப் போட்டுவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், கார் வாங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, பைசா செலவில்லை. பாடியவர்களில் பெரும்பாலானவர்கள் பெரிய கம்பெனி எதிலும் சேராத புதியவர்கள், பல நாடுகளைச் சேர்ந்தவர்கள், பாட்டுகள் எலக்ட்ரானிக், சோல், ஜாஸ், ஹிப்-ஹாப் என்று எல்லாம் கலந்து வரும்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். இணையத்தில் பாட்டுகளை ஓசியில் பகிர்ந்துகொள்ள வழிசெய்த நாப்ஸ்டரை 2001-ல் நீதிமன்றம் மூட வைத்துவிட்டது. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை 2003-ல் அமெரிக்காவில் ஒரு பாட்டு 99 சென்ட் என்று திறந்தது, ஆனால் அங்கே வாங்கும் பாட்டுக்குப் பூட்டு போட்டிருப்பார்கள், வேறு கம்பெனி பிளேயரில் பாடாது. அந்தக் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 கடைசியில். அதாவது காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் நமக்கு நேர்வழியே இல்லாத நேரத்தில், பூட்டில்லாத, சட்டப்படியான எம்பி3 கையில் கிடைத்தது. டயல்-அப் இணைப்பில் நாலு எம்பி பாட்டு ஒன்று இறங்கப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், தொகுப்பு முழுக்க என்றால் மூன்று மணி நேரம், நடுவில் யாராவது போனை எடுத்தால் அவ்வளவுதான். உங்கள் அண்ணன் அவ்வளவு பொறுமையாக இறக்கி, சிடியில் எழுதி, பெயரும் போட்டு வைத்திருக்கிறார் என்றால் ரசித்துத்தான் செய்திருக்கிறார். முதல் வேலையாக அந்த சிடியைக் கணினியில் நகல் எடுத்துவிடுங்கள், வீட்டில் எழுதிய சிடிகளுக்கு ஆயுசு குறைவு.

கேள்வி: சரி, லட்சக்கணக்கில் விலை வைத்துக் கார் விற்கிறவர்கள் பாட்டை ஏன் ஓசியில் கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

விளம்பரம்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. பென்ஸ் என்றால் அப்பா தாத்தா வயசுக்காரர்கள் ஓட்டுகிற வண்டி என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது, இன்றைக்குக் கார் வாங்க வசதியில்லாத 22 வயசுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த நட்சத்திரச் சின்னம் நல்ல பாட்டோடு சேர்ந்து மனசில் பதிய வேண்டும், அவர்கள் சம்பாதிக்கும் காலத்தில் பலன் தெரியும். டிவி விளம்பரத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் பாட்டுத் தொகுப்பு போடுவது மலிவான வேலை.

இந்த யோசனை புதுசும் இல்லை. அமெரிக்காவில் குட்இயர் டயர் கம்பெனி 1961-லிருந்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுத் தொகுப்பு ஒன்றை எல்பி ரெக்கார்டாகப் போட்டது. டயர் கடையில் ஒரு டாலர். டயர் மாற்ற வந்தவர்களும், ரெக்கார்டுக்காகவே வந்தவர்களும் வாங்கிப்போனார்கள். அப்புறம் பாரிஸின் ஹோட்டல் காஸ்ட், 1999 முதல் தன் ஹோட்டலில் ஒலிக்கும் இசையைத் தொகுத்து விற்றது. அங்கே தங்க வசதியில்லாதவர்கள்கூட அந்த சிடியை வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டார்கள். காபிக் கடையான ஸ்டார்பக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது: 2004-ல் அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸின் கடைசி ஆல்பத்தை வெளியிட்டதில் அதற்கும் பங்கு உண்டு, அந்த ஆல்பம் அடுத்த வருஷம் எட்டு கிராமி விருதுகளை வாங்கியது. 2007-லிருந்து இலவசப் பாட்டு ஒன்றுக்கான சின்ன அட்டையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், அதில் இருக்கும் எண்ணை ஐட்யூன்ஸில் போட்டால் பாட்டு உங்களுக்கு.

இவற்றில் பென்ஸ் தொகுப்பை நான் உயர்த்திச் சொல்ல ஒரே காரணம், ஏற்கெனவே புகழ்பெற்றவர்களின் பெயரைக் கடன் வாங்காமல், யாருக்கும் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்ததுதான். கம்பெனியின் நோக்கம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நூற்றுக்கணக்கில் பாட்டுகளைக் கேட்டு, நல்லதைத் தேர்ந்தெடுத்து, எதற்குப் பின்னால் எது வர வேண்டும் என்று யோசித்து அடுக்கிய ஒரு காது அதற்குப் பின்னால் இருந்திருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியம்.

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு சின்ன பேண்டில் கிடார் வாசிக்கிறான். ஒரு பெரிய பிராண்டின் விளம்பரத் தொகுப்புக்கு அவர்கள் பாட்டைக் கேட்கிறார்கள், பணம் கிடையாதாம், 'நாலு பேருக்குத் தெரியவரும்' என்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, தாம்பரம்

ஐயா, தெரியவருவதால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் நிக் டிரேக் என்று ஒருவர் இருந்தார், மூன்று ஆல்பம் போட்டார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, 1974-ல் 26 வயசிலேயே இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து 1999-ல் ஃபோக்ஸ்வேகன் தன் அமெரிக்கக் கார் விளம்பரத்தில் அவருடைய 'பிங்க் மூன்' பாட்டைப் போட்டது. ராத்திரி நேரம், நாலு இளைஞர்கள், மேல்மூடி இல்லாத கார், பேச்சே கிடையாது, அந்தப் பாட்டு மட்டும்தான். அந்த ஆல்பத்தின் விற்பனை பலமடங்கு ஏறிவிட்டது. அதே வருஷம் வெளிவந்த எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் மோபியின் 'பிளே' ஆல்பத்தில் உள்ள பதினெட்டுப் பாட்டும் விளம்பரத்துக்கோ படத்துக்கோ டிவிக்கோ போயின, உலகம் பூராவும் அவரைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். ஆனால் ஒன்று, அதெல்லாம் உரிமைக்கு அனுமதி வாங்கிப் போட்டவை.

அதனால் கடிதத்தைக் கையில் வாங்கி இதை எல்லாம் பாருங்கள். ஒரு தொகுப்புக்கு மட்டும் அனுமதி கேட்கிறார்களா, இல்லை உரிமையையே முழுசாக எழுதி வாங்குகிறார்களா? இரண்டாவது என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். அனுமதி எத்தனை மாசத்துக்கு? அதே பாட்டை உங்கள் மகன் வேறு இடத்தில் விற்கத் தடை இருக்கிறதா? நாளைக்கு அதைத் தூக்கி டிவி விளம்பரத்தில் போட்டால் தனியாகப் பணம் உண்டா? அப்புறம், பாட்டோடு பேண்டின் பெயரும் அவர்களுடைய பக்கத்துக்கு இணைப்பும் கட்டாயம் வர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். பெயர் இல்லாமல் பாட்டு மட்டும் போனால் நாலு பேர் என்ன, நாலு லட்சம் பேர் கேட்டும் பிரயோஜனம் இல்லை. இதில் நான் கறாராகவே சொல்கிறேன், ஏனென்றால் இளம் கலைஞர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு இந்த ஒரு வரியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். இப்படி இலவசமாக இறக்கிய பாட்டை வீடியோவுக்குப் பின்னணியாகப் போட்டு யூடியூபில் ஏற்றலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

கூடாது. கேட்பதற்குக் கொடுத்ததை மறுபடி பயன்படுத்தக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 வருஷம் உரிமை உண்டு, பாட்டை வைத்திருந்த இணையதளமே காணாமல் போனாலும் அந்த உரிமை போகாது. மண்டபத்தில், ஊர்வலத்தில் பாட்டு போடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் திருமணத்துக்கென்று விலக்கு இருக்கிறது. அதைக் காட்டி வீடியோவில் சேர்த்து ஏற்ற முடியாது, பாட்டைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த பாட்டு, அதாவது என்னென்ன செய்யலாம் என்று கலைஞரே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிட்ட பாட்டு. இந்த உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. 2004 நவம்பர் இதழோடு அமெரிக்காவின் 'வயர்டு' பத்திரிகை ஒரு சிடியை இலவசமாகக் கொடுத்தது, பதினாறு பாட்டு, பீஸ்டி பாய்ஸ், டேவிட் பைர்ன், அப்போது பிரேசிலின் கலாசார அமைச்சராகவே இருந்த ஜில்பெர்த்தோ ஜில் எல்லாம் அதில் உண்டு. பகிரலாம், துண்டெடுத்துப் புதுப் பாட்டில் சேர்க்கலாம், விளம்பரத்துக்கு மட்டும் தொடக்கூடாது என்று உரிமத்தில் தெளிவாக இருந்தது. பென்ஸ் தொகுப்பு வந்த அதே வருஷம். ஒன்று கேட்பதற்கு, இன்னொன்று கேட்டு அதன்மேல் வேலை செய்வதற்கு.

பாட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். 'பிஒய்' என்றால் பெயர் போட்டுப் பயன்படுத்தலாம். 'என்சி' இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது, நீங்கள் காசு வாங்கி வீடியோ எடுப்பவர் என்பதால் தொடாதீர்கள். 'என்டி' இருந்தால் மாற்றக்கூடாது, பாட்டைக் காட்சியோடு சேர்ப்பதையே அந்த உரிமம் மாற்றமாகத்தான் கணக்கில் எடுக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. 'எஸ்ஏ' இருந்தால் உங்கள் வீடியோவையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டியிருக்கும், கல்யாண வீட்டார் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூ2 ஆல்பத்தையும் ஓசியில்தானே கொடுத்தார்கள், அதற்கு ஏன் அவ்வளவு திட்டு?
– ஒரு வாசகர், ஈரோடு

2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள், அயர்லாந்து பேண்டான யூ2-வின் அந்த ஆல்பத்தை 50 கோடி ஐட்யூன்ஸ் கணக்குகளில் கேட்காமலே சேர்த்துவிட்டது. பாட்டு நல்லதா கெட்டதா என்பதற்குள் யாரும் போகவே இல்லை, என் அலமாரியில் நீ எப்படிப் பொருள் வைக்கலாம் என்பதுதான் கோபம். ஒரு வாரத்துக்குள் அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனிப் பக்கம் திறக்க வேண்டிவந்தது. பேண்டின் பாடகர் போனோவும் மன்னிப்புக் கேட்டார். மதுரை வாசகரின் அண்ணன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தானாக இறக்கினாரே, அந்த விருப்பத்தை விளம்பரப் பணத்தால் உண்டாக்க முடியாது.

கேள்வி: என்னிடமும் இந்த மாதிரி பழைய எம்பி3-கள் நிறைய இருக்கின்றன. கோப்பின் பெயர் 'டிராக் 07' என்று மட்டும் இருக்கிறது. பாடியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

கோப்பின் பெயர் போனாலும் உள்ளே பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய எம்பி3-களில் கடைசி 128 பைட்டில் ஐடி3 என்ற குறிப்பு இருக்கும்: பாட்டின் பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4. அவ்வளவுதான் இடம், அதனால்தான் நீளமான பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். விண்டோஸில் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் என்று போனால் தெரியும். அங்கேயும் காலியாக இருந்தால் மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு என்ற இலவச மென்பொருளில் போடுங்கள், அது ஒலியையே கேட்டு அடையாளம் பிடிக்கப் பார்க்கும். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் செயலியிலும் ஒருமுறை முயற்சி செய்யலாம். பாதிப் பெயர் கிடைத்தாலும் போதும், இசை வெளியீடுகளைப் பட்டியல் போடும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால் அவர் வேறு என்னென்ன வெளியிட்டார், பின்னால் எந்தப் பெயருக்கு மாறினார் என்பதுவரை கிடைக்கலாம்.

கண்டுபிடித்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பேண்ட்கேம்பில் அந்தக் கலைஞர் இருக்கிறாரா என்று பாருங்கள். 2008-ல் தொடங்கிய தளம், பலர் அங்கே பழைய ஆல்பங்களை 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்' என்று வைத்திருக்கிறார்கள், பூஜ்யம் என்றுகூடப் போடலாம். பூஜ்யம் போடாதீர்கள். இருபது வருஷமாக ஒருவர் பாட்டை வைத்திருந்து கேட்டிருக்கிறீர்கள், இரண்டு டாலர் கொடுத்துவிட்டு, எந்தத் தொகுப்பில் கேட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: இன்றைக்கு இப்படி முறையான இலவச இசை எங்கே கிடைக்கும்? ஸ்ட்ரீமிங் கணக்கு வைத்துக்கொள்ள விருப்பமில்லை.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

முதலில் ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ். அமெரிக்காவின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலிக்காரர்கள் 2009-ல் தொடங்கியது, தேர்ந்தெடுத்துப் போட்ட இசை என்பதால் குப்பை குறைவு. ஐரோப்பியக் கலைஞர்களுக்கு ஜமெண்டோ. இன்டர்நெட் ஆர்க்கைவில் நெட்லேபிள் பகுதிக்குப் போனால், பென்ஸ் தொகுப்பின் காலத்தில் சின்னச் சின்னக் குழுக்கள் இலவசமாகவே வெளியிட்ட ஆல்பங்கள் குவிந்து கிடக்கின்றன. கர்நாடக சங்கீதம் வேண்டுமென்றால் சங்கீதப்ரியா, ரசிகர்கள் வியாபார நோக்கமில்லாமல் கச்சேரிப் பதிவுகளைப் பகிரும் இடம். இவற்றில் எதைத் திறந்தாலும் அளவு மலைக்க வைக்கும், எல்லாவற்றையும் இறக்கித் தள்ளாதீர்கள். யாராவது ஒருவர் தொகுத்த பட்டியல் ஒன்றைப் பிடித்து, முதல் பாட்டிலிருந்து கடைசிவரை தாண்டாமல் ஒருமுறை கேளுங்கள், பிடித்திருந்தால் அதே ஆள் தொகுத்த அடுத்த பட்டியலுக்குப் போங்கள்.