தொப்பூர் ஏற்றத்துக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: சேலத்தில் மேக்னசைட் லோடு ஏற்றி, தொப்பூர் வழியாக பெங்களூரு ஓட்ட 10 சக்கர லாரி வாங்குகிறேன். ஹெச்பி கூடுதலாக இருந்தால் போதும் என்கிறார்கள் டிரைவர்கள். சரியா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: போதாது. டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கிறது என்று முதலில் கேளுங்கள். 950 நியூட்டன் மீட்டர் டார்க் 1,000 முதல் 1,800 ஆர்பிஎம் வரை அப்படியே நின்றால், ஏற்றத்தில் வேகம் விழுந்தாலும் வண்டி இழுக்கும். அடிக்கடி கியர் இறக்க வேண்டியதில்லை. 1,400 ஆர்பிஎம்மில் அதுவே சுமார் 187 ஹெச்பி. காகிதத்தில் போடும் அதிகபட்ச ஹெச்பி 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டித்தான் வரும். லோடோடு அங்கேயே ஓட்டினால் டீசல் தீரும்.

எங்களுக்கு அதைவிட முக்கியம் இறக்கம். தர்மபுரியிலிருந்து திரும்பும்போது எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) நன்றாகப் பிடிக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டவே கூடாது! இன்ஜின் பிடி போய், டிரம் சூடேறி, பிரேக் வழுக்கிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டியில் யூரியா 32.5 சதவீதம் உள்ள டெஃப் (புகையின் நச்சைக் குறைக்கும் திரவம்) மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் கலந்தால் சென்சார் கண்டுபிடித்துவிடும், டார்க் குறையும். உள்ளூர் நடை மட்டும் என்றால் சைலன்சர் போதுமான சூடு ஏறாமல் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியில் கரி அடைக்கும். ரீஜென் (அந்தக் கரியை எரித்து நீக்குவது) விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.