1921: தேதியும் கணக்கும்

அன்புள்ள ஐயா,

மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக 1921-ல் இந்தியாவில் நடந்தவற்றைப் பிறப்பு, இறப்பு என்று தலைப்புப் போட்டுத் தொகுக்கிறோம். பாரதி மறைந்தது செப்டம்பர் 11 என்கிறார்கள், 12 என்றும் சொல்கிறார்கள். எதை எழுதுவது? பிறந்தவர்களில் சத்யஜித் ராய், நரசிம்ம ராவ், கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் மூவரையும் சேர்த்துவிட்டோம். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பாரதியின் உயிர் பிரிந்தது திருவல்லிக்கேணி வீட்டில், நள்ளிரவு தாண்டி. ஆங்கில நாட்காட்டிப்படி அது 12. பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு 11. அரசு மகாகவி நாள் கொண்டாடுவதும் 11-ல்தான். நம் வீடுகளில் இதை வெகு சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்: '11 இரவு, விடிந்தால் 12.' மகள் அப்படியே எழுதட்டும். கூடவே வயதையும் போடச் சொல்லுங்கள்: 38. பத்து நாள் கழித்து, 22-ஆம் தேதி, மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். அதை விட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பிறந்தவர்கள் பட்டியல் சரிதான். ஆனால் அந்த மூன்று பிறப்பும் அந்த வருடம் அவரவர் வீட்டைத் தாண்டி யாருக்கும் செய்தியில்லை. நரசிம்ம ராவ் பிறந்த ஊர் அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்தது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

விட்டுப்போனவை இறப்புப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆகஸ்டில் மலபாரில் மாப்பிளா முஸ்லிம்களின் கிளர்ச்சி. நவம்பரில், பிடிபட்டவர்களைத் திரூரில் சரக்கு ரயில் பெட்டி ஒன்றில் அடைத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சுமுட்டி இறந்துகிடந்தார்கள். மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் நடந்தது, நம் பட்டியல்களில் அபூர்வமாகவே வருகிறது.

அப்புறம், அந்த வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் இருந்தவர்கள் சுமார் 25.21 கோடி. 1921-ல் 25.13 கோடி. பத்து வருடம் பிள்ளை பெற்றும் தலை குறைந்திருக்கிறது! பெரிய காரணம் 1918-ன் விஷக்காய்ச்சல் (இன்ஃப்ளூயன்சா); அதில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் கணக்கெடுப்பு இறங்குமுகம் காட்டியது அந்த ஒருமுறைதான், அதற்குப்பின் ஏறுமுகமே. அதனால்தான் மக்கள்தொகை ஆய்வாளர்கள் 1921-ஐப் பெரும் பிரிவு ஆண்டு என்கிறார்கள். பிறப்பு, இறப்பு என்று தலைப்புப் போட்டுவிட்டு இதை எப்படி விடுவது?

தாளில் இடம் போதவில்லையென்றால் லக்ஷ்மணை எடுத்துவிடுங்கள். அவர் சிரித்துக்கொள்வார்.