பத்து இரவுகளில் இத்தாலியின் வரலாற்று நகரங்கள்: எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது?

பத்து இரவுகளில் ரோம், நாப்போலி, பீசா, ஃபுளோரன்ஸ், சியெனா, வெனிஸ், மிலான் ஆகிய ஏழு நகரங்களையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரயில் அட்டவணையை மட்டும் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றும். ஆனாலும் வேண்டாம் என்பதே என் பதில். நான் முதல் முறை சென்றபோது ஒன்பது நாள்களில் ஆறு நகரங்களுக்குப் போனேன். அவற்றில் இன்றும் தெளிவாக நினைவில் நிற்பவை இரவு தங்கிய ஊர்கள் மட்டுமே. இந்த நகரங்களில் முற்பகலில் வந்திறங்கும் கூட்டம் மாலையில் கலைந்துவிடும். அதன் பிறகும் மறுநாள் அதிகாலையிலும் கிடைக்கும் அமைதியில்தான் ஒரு பழைய தெருவின் அகலமும் ஒரு கோபுரத்தின் உயரமும் நமக்கு உறைக்கின்றன.

ஆகவே நாப்போலி, பீசா, மிலான் மூன்றையும் அடுத்த பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, ரோமில் நான்கு இரவுகள், ஃபுளோரன்ஸில் மூன்று (அதில் ஒரு பகல் சியெனாவுக்கு), ராவென்னாவில் ஒன்று, வெனிஸில் இரண்டு என்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரே திசையில் செல்லுங்கள். விமானச் சீட்டையும் ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து திரும்பும்படி எடுத்தால், வந்த வழியே திரும்புவதில் ஒரு நாள் வீணாகாது. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அந்த ரயில்களுக்குச் சீட்டை முன்கூட்டியே எடுப்பது பெரும்பாலும் மலிவு. வட்டார ரயில்களின் கட்டணம் மாறுவதில்லை என்பதால் அவசரம் இல்லை. ஆனால் வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் இருக்கும் இயந்திரத்தில் அதற்கு முத்திரை இட மறக்காதீர்கள். மறந்தால் அபராதம் உண்டு. கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். பழைய நகர மையங்களில் வெளி வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. கேமரா பதிவு செய்த அபராதம் பல மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

ரோமில் கொலோசியத்துக்கும் வாத்திக்கான் அருங்காட்சியகங்களுக்கும் நேரம் குறித்த நுழைவுச்சீட்டை இந்தியாவிலிருந்தே எடுத்துவிடுங்கள். கொலோசியச் சீட்டில் பெயர் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். அதே சீட்டில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமும், அதை ஒட்டிய பலத்தீன் குன்றும் அடங்கும். பலரும் களைப்பில் அவற்றை விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விட வேண்டாம். வாத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கிறார்கள். ஒரே ஒரு கட்டடத்தை நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறதென்றால், பழைய ரோமக் கோயிலான பாந்தியனைச் சொல்வேன். கம்பி எதுவும் வைக்காத காங்கிரீட்டால் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டிய, 43 மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள குவிமாடம் அது. உச்சியிலுள்ள வட்டத் திறப்பின் வழியாக விழும் ஒளி, நேரம் ஆக ஆகச் சுவரில் நகர்வதை நின்று பார்க்கலாம்.

ஃபுளோரன்ஸில் உஃபீசி கலைக்கூடமும், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதேமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. இதை அறியாமல் நான் முதல் முறை ஒரு திங்கட்கிழமையை மட்டும் அந்த ஊருக்கு ஒதுக்கி, தாவீதைப் பார்க்காமலே திரும்பினேன். அந்தத் திங்களைச் சியெனாவுக்குக் கொடுங்கள். ரயிலைவிடப் பேருந்தே நல்லது. ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்க, பேருந்தோ பழைய நகரின் விளிம்பிலேயே இறக்கிவிடும். அங்கே பேராலயத்தை மிகப் பெரிதாக விரிவாக்க 1339 இல் தொடங்கிய பணி, 1348 இல் வந்த கொள்ளைநோய்க்குப் பின் நின்றேபோனது. கூரையில்லாமல் நிற்கும் அந்த முகப்புச் சுவரின் மேல் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். செல்வத்தின் உச்சியில் ஒரு நகரம் எப்படித் தடைபட்டது என்பதை அந்தச் சுவரைப்போல வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

உங்கள் பட்டியலில் இல்லாத ராவென்னாவை நானே சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. 402 இல் மேற்கு ரோமப் பேரரசின் அரசவை இங்கே இடம்பெயர்ந்தது. ரோமின் இடிபாடுகளுக்கும் ஃபுளோரன்ஸின் மறுமலர்ச்சிக்கும் நடுவே நாம் தாண்டிவிடும் ஆயிரம் ஆண்டுகளின் தொடக்கம் இந்தச் சிற்றூரின் சுவர்களில்தான் நிறம் மங்காமல் இருக்கிறது. ரோமப் பேரரசி காலா பிளாசிதியாவின் பெயரால் வழங்கும் சிறிய கல்லறை மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் இருட்டு மட்டுமே தெரியும். கண் பழகிய பிறகு கருநீல விதானமும் அதில் பொன் விண்மீன்களும் மெல்ல எழும்பி வரும். அருகிலேயே, 547 இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே ஆலயத்தில், பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் தத்தம் பரிவாரத்தோடு பதிகல் (மொசைக்) ஓவியமாக எதிரெதிரே நிற்கிறார்கள். கவிஞர் தாந்தேயின் கல்லறையும் இந்த ஊரில்தான். ஃபுளோரன்ஸிலிருந்து பொலோனியா சென்று, அங்கே வட்டார ரயிலுக்கு மாறினால், அங்கிருந்து ராவென்னாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

வெனிஸில் செலவைக் குறைக்கப் பலர் எதிர்க்கரை நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் அறை எடுக்கிறார்கள். இரண்டே இரவுகள் என்பதால் தீவுக்குள்ளேயே தங்குங்கள். இல்லையேல் அதிகாலையும் இரவும் கைவிட்டுப் போகும். இறங்க வேண்டிய நிலையம் சாந்தா லூசியா. படிக்கட்டுப் பாலங்களில் பெட்டியைத் தூக்கித்தான் செல்ல வேண்டும் என்பதால், படகுத்துறைக்கு அருகில் அறை பாருங்கள். வந்த மாலையே முதலாம் எண் நீர்ப்பேருந்தில் பெருங்கால்வாய் முழுவதையும் ஒரு முறை கடந்துவிடுங்கள். சில நாள்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குவோருக்கு அது இல்லை என்றாலும் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். திரும்பும் விமானம் காலையில் என்றால், படகை நம்பாமல், பேருந்துகள் வந்து நிற்கும் சதுக்கமான பியாசாலே ரோமாவிலிருந்து பேருந்தில் செல்லுங்கள். மார்கோ போலோ விமான நிலையம் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.